மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு

ஜூஜுவாடி,
அக்டோபர் 14

அன்புள்ள சுவாதி,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். சுரேந்தருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். அஸ்வின் இப்போதுதான் தூங்கினான். கோடியக்கரையில் நீ விடியும் முன்பே வலை கட்டப் போகிறவள். பிடித்த பறவைகளின் காலுக்கெல்லாம் வளையம் போட்டு முடித்துவிட்டு, நிதானமாகப் படி.

நான் அனுப்பிய பறவைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாய்: "மஞ்சள் வாலாட்டின்னு எப்படிடி முடிவு பண்ணே? முதுகப் பாத்தியா, கத்துனதக் கேட்டியா?" இரண்டும் இல்லை. மொட்டைமாடியில் தொட்டி வழிந்து தேங்குகிற தண்ணீருக்கு வந்தது. வயிறு பளிச்சென்று மஞ்சள். எழுதிவிட்டேன். கல்லூரியில் இதே தப்புக்கு ஜூனியர்களை நாம் எவ்வளவு ஓட்டியிருக்கிறோம்!

நேற்று காலையில் மறுபடி வந்தது. அஸ்வினைப் பாயில் உட்காரவைத்து, கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தேன். முதுகில் பச்சையே இல்லை, நல்ல சாம்பல். வாலும் நீளம். கிளம்பும்போது சிட்சிட் என்று உலோகத்தைத் தட்டியது போலக் கத்தியது. மஞ்சள் வாலாட்டியின் குரல் ஒரே இழுப்பாக இருக்கும் அல்லவா? இது சாம்பல் வாலாட்டிதான். பட்டியலில் திருத்திவிடு.

அது கத்தியது அஸ்வினுக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டு ஓனர் முனிலட்சுமி அக்காகூடத் திரும்பிப் பார்த்தார். அஸ்வின் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவனுக்கு இருபது மாதம். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. "நீ தமிழு, நான் தெலுங்கு, பக்கத்து வீட்ல கன்னடம். மூணு பாஷ காதுல வுழுந்தா கொழந்த எத்தப் பேசும்? ஒருநாளு மூணையும் ஒண்ணா கொட்டும் பாரு" என்பார் அக்கா. கூப்பிட்டால் திரும்புவதில்லையே என்று சுரேந்தரிடம் போன மாதம் கேட்டேன். "ஹைவே ஓரத்துல பொறந்தவன்டி. லாரி ஹாரன்ல தூங்கிப் பழகுனவனுக்கு உன் கீச்சுக்குரலு எம்மாத்திரம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லோரிடமும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் பிள்ளை எந்தச் சத்தத்துக்கும் அசைய மாட்டான் என்று.

நேற்று முழுக்கச் சோதித்தேன். தட்டைத் தரையில் போட்டால் திரும்புகிறான். அதே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் தட்டினால் இல்லை. தரை அதிர்வதுதான் அவனுக்குத் தெரிகிறது போல.

பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை அவன்தான். என்ன குழம்பு, என்ன குருவி, உன் அப்பா ஏன் கோபமாகப் போனார், எல்லாம் அவனிடம்தான் சொல்வேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்கிறான் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை பெங்களூரில் காது பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். சுரேந்தரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கே உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்ல?

இத்துடன் ஒரு வீடியோ இருக்கிறது. வாலாட்டிக்காக எடுத்தது. பறவைக்கு முதல் பத்து நொடி போதும். அப்புறம் இடது ஓரத்தைப் பார். அஸ்வின் உட்கார்ந்திருக்கிறான். அது மூன்று முறை கத்துகிறது. இரண்டாவது முறை அவன் தோள் லேசாக அசைந்ததா? நாற்பது தடவை பார்த்துவிட்டேன். ஒரு தடவை அசைந்தது போல இருக்கிறது, அடுத்த தடவை இல்லை. சந்தேகமான பறவையை இரண்டாவது ஆள் பார்க்காமல் நாம் பட்டியலில் ஏற்றியதில்லை. இங்கே எனக்கு இரண்டாவது ஆள் கிடையாது.

ஒன்றும் இருக்காது என்று மட்டும் எழுதாதே. பார்த்ததை எழுது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், கடற்காற்றில் ஈரத்தலையோடு நிற்காதே.

புதன்கிழமைக்குள் பதில் போடு சுவாதி.

அன்புடன்,
காவியா