கேள்வி ஞானத்துக்குப் பாதி

2.6.1984, சனி

இன்று மத்தியானம் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம். அவர் டைப்பிஸ்டாக இருக்கும் வெள்ளைக்காரப் பள்ளியில் லைப்ரரி பார்க்கிற லீமா டீச்சர். பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது அண்ணன். அப்புறம் நான், டீ கொண்டுபோகிற நேரத்துக்கு மட்டும்.

ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்க வாத்தியார் ஒருவர் இவருக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே புத்தகங்களும் விதவிதமான பகடைகளும். காய் நகர்த்துகிற ஆட்டம் இல்லை. ஆளுக்கு ஒரு வேஷம். காடு, இடிந்த கோட்டை என்று இவர் கதை சொல்லிக்கொண்டே போவார், நடுவில் நிறுத்தி, "நீ என்ன செய்யப்போறே?" என்று கேட்பார். சொன்னதைச் செய்ய முடிந்ததா என்று பகடை சொல்லும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இவர் அப்படிக் கேட்டதே இல்லை. லீமாவிடம் டீ ஆறுவதற்குள் எத்தனை தரம் கேட்டார்!

3.6.84, ஞாயிறு

பூசையில் லீமா எனக்கு முன் பெஞ்சில். அவள் முக்காட்டு ஓரத்துப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. அந்த மனசோடு பீடத்துக்கு நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை.

9.6.84, சனி

"நீயும் உக்காரு கித்தேரி. உனக்கும் ஒரு பாத்திரம் தாரேன்" என்றார் இவர்.

"இருக்கிற பாத்திரத்தையே இன்னும் கழுவி முடிக்கலங்க."

பாய் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏலே மாணிக்கம், இது உனக்குத் தேவைதாம்லே."

உட்கார்ந்தேன். எனக்குச் சமையற்காரி வேஷம், பேர் கண்மணி. லீமா, மரகதவல்லி என்கிற வைத்தியச்சி. பாய் அண்ணன், திருமலைச்சாமி என்கிற காவல்காரன். ("ஜமாத்துல சொல்லிராதீங்க" என்றார்.)

ஒவ்வொரு வேஷத்துக்கும் என்னென்ன வேலை தெரியும் என்று ஒரு தாள். எனக்காக இவரே தமிழில் எழுதித் தந்தார். தெரிந்த வேலைக்கு எண். பயிற்சி இல்லாததற்கு, இங்கிலீஷில் என்ன போட்டிருந்ததோ, தமிழில் இவர் எழுதியிருந்தது: "படிக்காதவள்." மருந்து: படிக்காதவள். கயிறு ஏறுதல்: படிக்காதவள். பூட்டுத் திறத்தல்: படிக்காதவள். தாள் நெடுக.

அஞ்சாம் வகுப்போட நிறுத்துனது நானா? சோப்பு உறையையும் மருந்துச் சீட்டையும் வச்சு எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிச்சவ நான். வீட்டுக் கணக்குல இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பு உண்டா? கைப்பட எழுதியே குடுத்துட்டாரே மனுசன்.

லீமாவின் தாளில் அந்த வார்த்தை எங்கோ ஓர் ஓரத்தில்தான்.

16.6.84, சனி

திருமலைச்சாமிக்கு ஈட்டிக் காயம். நான் கட்டுப் போடுகிறேன் என்றேன்.

"முடியாது. மரம் ஏறுறது, ஒளிஞ்சுக்கிறதுன்னா பழக்கம் இல்லாதவங்களும் முயற்சி பண்ணலாம். வைத்தியம் அப்பிடியில்ல. படிக்காதவ கைவைக்கக் கூடாது. உனக்குப் பகடையே கெடையாது."

"உங்களுக்கு நிமோனியா வந்து கெடந்தப்ப நான் எந்தக் காலேஜுல படிச்சுட்டு வந்து பாத்தேன்?"

இவர் புத்தகத்தைப் புரட்டினார். நானே சொன்னேன்: "கேள்வி ஞானம்னு ஒண்ணு இருக்குங்க. பக்கத்துல நின்னு பாத்தது, காதால கேட்டது. அதுக்கு ஒண்ணுமே கெடையாதா?"

இவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "சரி. ஒருத்தர் செய்யும்போது கூட இருந்து பாத்திருந்தா, அவங்களுக்கு உள்ள வாய்ப்புல பாதி."

"நல்ல விதிதான்க்கா. புத்தகத்துலயே இல்ல" என்றாள் லீமா. என் தாளை இழுத்து, 'படிக்காதவள்' எல்லாவற்றையும் ரப்பரால் அழித்து, 'பழகாதவள்' என்று எழுதினாள். இவர் எட்டிப் பார்த்து, "அட, இந்த வார்த்தை எனக்குத் தோணலையே டீச்சர்!" என்றார்.

விதி என்னுடையது. மெச்சிக்கொண்டது அவளை. எழுத்தும் முத்து முத்தாக, என் தாளில்.

23.6.84, சனி

அடைமழை. யாரும் வரவில்லை. இவர் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

30.6.84, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மரகதவல்லி திருமலைச்சாமியின் கைக்குப் பச்சிலை வைத்துக் கட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்போது இவரும் லீமாவும் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வெரசாகப் பேசியதால் எனக்குப் பிடிபடவில்லை. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

பிறகு கயிற்றுப் பாலம். திருமலைச்சாமி கடந்துவிட்டான். பாலம் அறுந்து மரகதவல்லி பாறையில் விழுந்தாள். ரத்தம். இந்தப் பக்கம் இருந்தது கண்மணி மட்டும்.

"கண்மணி, நீ என்ன செய்யப்போறே?"

"எனக்குத்தான் பழக்கம் இல்லையே."

"கேள்வி ஞானம் இருக்குல்ல? அவ கட்டுப் போட்டப்ப பாத்துக்கிட்டு நின்னேல்ல? பாதி வாய்ப்பு. உருட்டு."

பகடை என் கையில் இருந்தது. லீமா என் முகத்தையே பார்த்தாள்.

"பாக்கல. அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன்."

"என்னம்மா இது," என்றார் பாய் அண்ணன், "நீதான தண்ணி ஊத்துனே?"

"ஊத்திட்டுத் திரும்பிட்டேண்ணே."

இவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். விதி விதிதான். மரகதவல்லி செத்துப்போனாள்.

லீமா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "வர்றேங்க்கா" என்று போய்விட்டாள். டீ குடிக்கவில்லை.

1.7.84, ஞாயிறு

செத்தது ஒரு காகிதம். எதுக்கு இன்னைக்கும் நான் நன்மை வாங்கப் போகல?

7.7.84, சனி

லீமா வரவில்லை. பாய் அண்ணன் வந்து கொஞ்ச நேரம் பருப்பு விலை பேசிவிட்டுப் போனார். இவர் பெட்டியை மூடி பீரோ மேல் ஏற்றிவிட்டார். இதுதானே வேண்டும் என்று இருந்தேன்? மனுஷன் வீட்டோடு இருக்கிறார், என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். மீன் குழம்பு வைத்தேன். "உப்பு சரியா இருக்கு" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

14.7.84, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமை என்றேன். பொய் சொல்லி ஒரு உயிரைச் சாகவிட்டேன் என்றேன். சாமியார் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்தது தெரிந்தது.

"யாரும்மா செத்தது?"

"மரகதவல்லி, சாமி."

"எந்தத் தெரு?"

"தெரு இல்ல சாமி. ஆட்டத்துல."

முழுக்கச் சொன்னேன். இருமலா சிரிப்பா தெரியவில்லை. கடைசியில் கேட்டார்: "ஆளு பொய்யி. நீ சொன்ன பொய்யி நெசந்தான?"

"ஆமா சாமி."

"அப்ப அதை நெசமான ஆளுகிட்டப் போய்ச் சொல்லு."

16.7.84, திங்கள்

லீமாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காபி போட்டுத் தந்தாள். எவ்வளவோ சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தால் மழையைப் பற்றித்தான் வருகிறது. அவளே பேசினாள்.

"ஆட்டத்துல சாகுறதுக்கு யாரும் கோவிப்பாங்களாக்கா? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாக்கலைன்னீங்க. அதான்."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாரத்துல அந்த ஒரு மத்தியானம்தான்க்கா எப்பக் கல்யாணம்னு யாரும் கேக்காம ஒரு எடத்துல உக்காந்திருந்தேன். உங்க வீடுன்னுதான் வந்தேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். எழுந்து வந்துவிட்டேன். அவள் காபி என் காபியைவிட நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

18.7.84, புதன்

சாப்பாடு ஆனதும் இவரிடம் சொன்னேன். மரகதவல்லி கட்டுப் போட்டதைப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏன்?"

"நீங்க அவகிட்டதான் கேட்டுக்கேட்டுப் பேசுனீங்க."

"ஆட்டம்னா கேக்கணும்ல, அதான் கேட்டேன். வீட்டுல கேக்கணும்னு எனக்குத் தெரியல புள்ள."

பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். "நீ பாத்திருந்தேன்னா, விதிப்படி அந்தப் பகடையை இன்னும் உருட்டவே இல்லையே. மரகதவல்லி சாகல, இன்னும் பாறையிலதான் கெடக்கா. டீச்சர் சம்மதிச்சா அங்கேருந்தே தொடங்கலாம்."

டீச்சர் என்றதும் முகத்தில் வெளிச்சம். எனக்குக் குத்தத்தான் செய்தது. குத்திவிட்டுப் போகட்டும்.

19.7.84, வியாழன்

பாய் அண்ணன் கடைப்பையன் மூலம் லீமாவுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினேன். எழுதியது இதுதான்:

"லீமாவுக்கு. நான் பார்த்தேன். நீங்கள் பச்சிலை வைத்ததையும் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டதையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறாமையில், பார்க்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொறாமை இன்னும் முழுசாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மரகதவல்லி பாறையில் கிடக்கிறாள். கண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி வாய்ப்புத்தான், பிழைக்காமலும் போகலாம். நீங்கள் இல்லாமல் உருட்ட மாட்டேன். சனிக்கிழமை வருகிறீர்களா? வருவதோ இல்லையோ, சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள். கித்தேரியம்மாள்."