வேலியை அறுக்க விடாத நிமிடம்

இன்று காலை வாசல் படலையில் ஒரு துண்டுப்பிரசுரம் செருகியிருந்தது. நகரத்துத் தீயணைப்புப் பிரிவு வீடு வீடாகக் கொடுக்கிறதாம். மண்ணெண்ணெயை அடுப்படியில் வைக்காதீர்கள், எரிகிற அடுப்புக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், விளக்கைத் தென்னோலைக் கிடுகில் மாட்டாதீர்கள் என்று போட்டிருந்தது. எல்லாம் நீ சொன்னவைதான், மச்சான். இதில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது, அவ்வளவுதான். நீ "விசரா" என்றுதான் தொடங்குவாய். வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. அதனால்தான் செத்துப்போன உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தீயணைப்பு வேலை கிடைத்த நாளிலிருந்து உன்னோடு ஓரிடம் போக முடியாது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சமையல் கொட்டிலின் கூரையைப் பார்ப்பாய். என் குசினிக்குள் வந்தால், என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைக்குமுன் மண்ணெண்ணெய் ரின்னைத் தூக்கி வெளியே வைத்துவிடுவாய். நீ போனதும் நான் திரும்ப உள்ளே வைப்பேன். வெளியே வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்குப் பயம்.

அப்போது மேற்கு வளவுக்காரர் என்மேல் வழக்கு வைத்திருந்தார்கள். வேலியை அரை முழம் அவர்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேனாம். அளக்க ஆள் வரும்வரை வேலி நின்றபடியே நிற்கவேண்டும் என்று எனக்காக வழக்காடிய பிரக்கிராசியார் சொல்லியிருந்தார். அதையே பிடித்துக்கொண்டு, ஒரு கிடுகு மாற்றவும் விடாமல் காவல் இருந்தேன்.

சோளகக் காற்று வீசிய ஒரு மத்தியானம் அவர்களுடைய குசினி பற்றிக்கொண்டது. உங்கள் வண்டி ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் முகப்பிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருக்க, நீ கத்தியோடு முன்னால் ஓடி வந்தாய்.

"விலகடா. நாலு பாகம் நீளத்துக்கு அறுத்துவிட்டால் நெருப்பு இஞ்சாலை வராது."

"வேலியிலை கை வையாதை மச்சான்! வழக்கு முடியேல்லை!"

"உனக்கென்ன விசரே? வழக்கு கிடக்கட்டும், உன்ரை குசினி போகப்போகுது!"

நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். வேறொருவன் என்றால் தள்ளிவிட்டு அறுத்திருப்பாய். நான் என்றபடியால் நின்றாய். ஒரு நிமிடம் இருக்கும். அந்தப் புகைக்குள் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. அதற்குள் நெருப்பு வேலி வழியே ஓடிவந்து என் குசினிக் கூரையில் ஏறிவிட்டது. ரின் உள்ளே இருக்கிறதே என்று என் மனைவி அதை எடுக்க ஓடினாள். நீ பின்னால் ஓடி அவளை வெளியே தள்ளினாய். ரின்னையும் தூக்கி முற்றத்தில் எறிந்தாய். அப்போதுதான் எரிந்த கூரை வளை உன் வலக்கையில் விழுந்தது.

அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. குழாயின் முனையைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் நின்ற உன்னைத் தொலைபேசி எடுக்கும் கதிரையில் இருத்திவிட்டார்கள்.

வழக்கை நான்தான் வென்றேன். கிடுகு எரிந்தாலும் அதைக் கட்டியிருந்த கதியால் மரங்கள் கருகியபடி நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றை வைத்தே அளந்தார்கள். நீ அறுக்க வந்ததும் கிடுகை மட்டுந்தான் என்பது அன்றைக்குத்தான் இந்த மண்டைக்குள் ஏறியது.

நீ கோபிக்கவில்லை. சைக்கிளை இடக்கையால் பிடித்தபடி வந்து, படலையடியில் கால் ஊன்றி, "சுகமோடா?" என்பாய். உள்ளே கூப்பிட்டால், "பிறகு வாறன்" என்று போய்விடுவாய். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். வெட்கம் விடவில்லை.

உன் செத்தவீட்டில் உன் மனைவி என்னைக் கண்டதும் ஓவென்று அழுதாள்.

"அண்ணை, வேலி அறுக்க ஏன் பிந்தினது எண்டு தீயணைப்புப் பிரிவு விசாரணையிலை கேட்டவங்களாம். கத்தி மழுங்கிப்போச்சு எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். என்னட்டையும் அதைத்தான் சொன்னவர். ஒரு கத்தியைத் தீட்டி வைக்காமல் கையைக் குடுத்திட்டாரே அண்ணை!"

எனக்கு அதுவரை இது தெரியாது. விசாரணைக்காரரிடம் மட்டுமல்ல, உன் வீட்டுக்குள்ளும் நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் "ஓம் தங்கச்சி" என்றேன்.

என் மனைவியும் போய்விட்டாள். பிள்ளைகள் கொழும்பில். மேற்கே இப்போது மதில் கட்டியிருக்கிறேன். நெருப்பும் வராது, ஆட்களும் எட்டிப் பார்ப்பதில்லை. உன் மனைவி ஒருத்திதான் சந்தைக்குப் போகிற வழியில் நின்று கதைப்பாள். கதை சுற்றிச் சுற்றி அந்தக் கத்தியில்தான் வந்து நிற்கும். அதைத் திட்டுவாள், சில நாள் உன்னையும் சேர்த்துத் திட்டுவாள். நடந்ததைச் சொல்லிவிட்டால் அவளும் இந்தப் படலையில் நிற்கமாட்டாள்.

இன்னமும் "ஓம் தங்கச்சி" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மச்சான்.