மோட்டர் போடுமுன் அளந்த தண்ணீர்

என் செல்ல அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அப்பா நேற்று வெங்காயம் நட்டுவிட்டார். இனி மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மடிக்கணினி என்னிடம்தான் இருக்கிறது. பகலில் கொழும்புக் கம்பனிக்கு மென்பொருள் எழுதினீர்கள். பின்னேரங்களில் கோப்பாய்க் கிணறுகளின் உப்பளவைச் சேர்த்து ஆராய்ந்தீர்கள். சனிக்கிழமை வாசிகசாலையில் அதையே பிள்ளைகளுக்குப் பாடமாக்கினீர்கள். "மூண்டு வேலை பாக்கிற பெட்டைக்கு ஒண்டும் சரியாத் தெரியாது போல" என்று மாமி பகிடி பண்ணுவாரே, நினைவிருக்கிறதா?

கிணற்றில் உப்பளக்கும் மீற்றரை இப்போது அப்பாதான் இறக்குகிறார். அவர் சொல்லும் இலக்கத்தை நீங்கள் எழுதிய செயலியில் நான் பதிவேன். நீங்கள் போனதும் திரையில் உப்பளவுக் கோடு சட்டென்று ஏறி மேலேயே நின்றது. கிணறும் கவலைப்படுகிறதோ என்றுகூட நினைத்தேன். போன மாதம் செயலி எங்கள் கிணற்றைச் சிவப்பாகக் காட்டியது. வெங்காயத்துக்கு ஆகாது என்று அர்த்தம்.

அப்பா விதை வெங்காயத்தை விற்க ஆள் தேடினார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் ஒரு கடையில் நிற்கப்போவதாகச் சொன்னார்.

"ஒருக்கா நட்டுத்தான் பாருங்கோவன்," என்றார் அம்மா.

"என்ரை பிள்ளை சொல்லிப்போட்டுப் போனதை நான் மீறுறதோ?"

திரையில் இருந்தது உங்கள் வாக்கா, வெறும் இலக்கமா? எனக்கும் தெரியவில்லை.

ஆனால் வகுப்பில் எந்த இலக்கத்தைக் கண்டாலும் "ஆர் அளந்தது? எப்ப அளந்தது?" என்றுதானே தொடங்குவீர்கள். அதனால் ஒருநாள் பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன். அவர் மோட்டரைப் போட்டார். மிளகாய்க் கன்றுகளுக்கெல்லாம் இறைத்து முடித்தார். பிறகுதான் ஈரக்காலோடு வந்து மீற்றரை இறக்கினார்.

"அப்பா, அக்கா இறைக்க முதலெல்லோ அளக்கிறவ?"

"கிணத்தடிக்கு வாறதே இறைக்கத்தானே பிள்ளை. வேலையை முடிச்சுப்போட்டு அளந்தால் என்ன?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இறைக்க இறைக்க அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறும் என்பது உங்கள் முதற்பாடமல்லவா! மறுநாள் விடிய மோட்டரைத் தொடாமல் அளந்தோம். அந்தக் கிழமை முழுவதும் அப்படியே செய்தோம். கோடு இறங்கியது. கிணறு பச்சையானது.

அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். "அவள் சரியாத்தான் எழுதியிருக்கிறாள். நான்தான் மடையன்," என்று சிரித்தார். நீங்கள் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செயலியில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: "அளந்தது மோட்டர் போட முதலா, பிறகா?" அந்தச் சின்ன வேலைக்கே இரண்டு பின்னேரம் போய்விட்டது. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

சனிக்கிழமை வாசிகசாலையில் வகுப்பைத் திரும்பத் தொடங்கி, அதையே முதலில் சொல்லிக்கொடுத்தேன். முன்வாங்குச் சுட்டி ஒருத்தி கேட்டாள்: "உங்களையும் ரீச்சர் எண்டு கூப்பிடோணுமோ?"

"அக்கா எண்டு கூப்பிடுங்கோ."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் வீட்டில் அது உங்களுடைய பெயரல்லவா?

ஒவ்வொரு சனியும் வாசிகசாலைக் கதவைத் திறப்பேன், அக்கா. மற்ற நாட்களில் விடிய எழும்பி அப்பாவுக்கு முன்னே கிணற்றடியில் நிற்பேன்.

எத்தனை பேர் என்னை அக்கா என்றாலும்,
உங்கள் தங்கச்சி