எட்டாம் கேள்வி

2-4-82, வெள்ளி
வெயில் வந்துவிட்டது. ஏர் கூலர் தட்டிக்குப் புதுப் புல் வைக்க வேண்டும். பால் டிப்போவில் ஒரே கூட்டம்.

உமாவின் ஆராய்ச்சி பைண்டாகி வந்தது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து, நல்ல கனம். இரண்டு வருஷப் பாடு. சாமி முன்னால் வைத்துக் குங்குமம் தொடப் போனேன். திங்கட்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டும், கறை ஆகும் என்று பிடுங்கிக்கொண்டாள். பேத்தி பிறந்ததும் வளர்ந்ததும் இந்தி பேசும் இந்த ஊர். தமிழ் வேகமாய்ப் பேசினால் புரியாது. அதனால்தான் நம்மூர்க் கூலி ஜனங்கள் குடிசை போட்டிருக்கும் கேம்ப்பில் வீடு வீடாக நான் கேட்டுச் சொல்ல, அவள் எழுதினாள். தாய் பிள்ளை சுகம் பற்றிப் பன்னிரண்டு கேள்வி. முதலில் என்னை உட்கார வைத்தே கேட்டுப் பழகினாள்.

முதல் பக்கத்தில் என் பெயர். சங்கரன் படித்து அர்த்தம் சொன்னான். ஆச்சி காந்திமதி இல்லாமல் இது இல்லையாம். படித்தது அஞ்சாம் வகுப்பு. இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

3-4, சனி
தண்ணீர் ஆறு மணிக்கே நின்றுபோயிற்று. பாலக் கீரை ஒரு கட்டு வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தேன். உமா பக்கத்தில். நாலாம் அத்தியாயத்தைத்தான் டீச்சர் ரொம்பப் புகழ்ந்தாளாம். என்ன அதில் என்றேன். மாசமாக இருக்கும் பெண்கள் உள்ள வீட்டில் பிள்ளைகள் தவறியதே இல்லை, மற்ற வீடுகளில் உண்டு. அது ஏன் என்று பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள்.

கீரை கையிலேயே நின்றது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எட்டாம் கேள்வி, பிறந்து தவறிய பிள்ளைகள் எத்தனை. வயிற்றில் பிள்ளையோடு நிற்பவளிடம் அதைக் கேட்க வாய் வருமா? அந்த வீடுகளில் விட்டுவிட்டு ஒன்பதுக்குப் போனேன். உமா நிமிர்ந்து பார்த்தால் இல்லை என்பேன். எழுதிக்கொள்வாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மருமகள் ஜுரமா என்று கேட்டாள்.

4-4, ஞாயிறு
மாடியில் வடகம் பிழிந்தோம். உமா பாயைப் பிடித்தாள். நாலு வரிசை ஆனதும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை வீடு ஆச்சி?"
"பத்துப் பன்னெண்டு இருக்கும்."
"சச்சி? நெசமாவா? நீ கேக்கவே இல்லியா?"
"எப்படிட்டீ கேக்க? வயித்துப் பிள்ளையோட நிக்கா."

மாவுக் கையோடு கீழே போய்விட்டாள். மீதியை நானே பிழிந்தேன். கோணல் கோணலாக விழுந்தது.

சங்கரன், யாருக்குத் தெரியப் போகிறது, கொடுத்துவிடட்டும் என்றான். அந்த நேரம் நானும் அவன் பக்கம்தான். உமா மெதுவாக, "எனக்குத் தெரியும்லப்பா" என்றாள்.

5-4, திங்கள்
கொடுக்கவில்லை. டீச்சரிடம் பதினைந்து நாள் கேட்டு வந்திருக்கிறாள். பிளேடால் சிவப்பு அட்டையைக் கிழித்தாள். என் பெயர் போட்ட தாள் தனியாக மேஜையில் கிடக்கிறது. பார்க்காதது போல் இருந்தேன்.

வடகம் காய்ந்தது. காக்கை கொத்தியது போக ஒரு டப்பா.

சாயங்காலம் சுவரைப் பார்த்து, நாளைக்கு ஜல்தி கிளம்பணும், பஸ்ஸில் கூட்டம் என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

6-4, செவ்வாய்
கேம்ப். சாக்கடை நாற்றம், அதே கயிற்றுக் கொடிகள். முதலில் செல்வி வீடு. பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவள். அன்றைக்கு அவளுக்கு ஏழு மாசம். அந்தப் பிள்ளை இப்போது தட்டைத் தட்டிக்கொண்டு நடக்கிறது.

"என்னா ஆயா, பேத்திக்கு இன்னும் படிப்பு முடியலியா? ஃபெயிலா?"
"அவ பாஸு. நான்தான் ஃபெயிலு" என்றேன். மூன்று நாளில் உமா சிரித்தது அப்போதுதான்.

கேட்டேன். செல்வி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு, ஆயா. அன்னிக்கே கேப்பீங்கன்னு இருந்தேன். அடுப்பு, தண்ணி, ஊசி எல்லாம் கேட்டீங்க. இத மட்டும் கேக்கல. அதுங்க கணக்குல வராது போலன்னு நெனச்சிக்கினேன்."

அவளுக்காகத்தான் விட்டேன் என்று இத்தனை நாள் இருந்தேன்.

ஒன்றுக்குப் பெயர் வைத்தார்களாம், ஒன்றுக்கு வைக்கவில்லையாம். உமா இரண்டையும் எழுதினாள். ஐந்து வீடு முடிந்தது. பஸ்ஸில் உட்கார ஓர் இடம்தான் கிடைத்தது, என்னை உட்கார வைத்தாள்.

7-4, புதன்
கால் வீக்கம். தைலம் தேய்த்தேன். மீதி வீடுகளுக்கு நாளை.

உமாவிடம் அந்த முதல் தாளைக் கேட்டேன், என்னை வைத்துப் பழகியதை. இன்னும் வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எட்டுக்கு நேரே ஒரு கோடு, இல்லை என்று. அதை அடிக்கச் சொன்னேன்.

ஒன்று. பெண். பதினேழு நாள். சங்கரனுக்கு மூத்தது.

பேனாவை வைத்துக்கொண்டு பேர் கேட்டாள்.

செண்பகம்.