அப்பா வெந்நீர்த் தொட்டிக்குப் போகாத குளிர்காலம்

அன்பு மகள் சோல்வேக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம். எனக்கு அது பழைய சுகம், அவருக்குப் போன வாரம் வந்த புதுச் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சிட்னியில் ஆபீஸ் ஆபீஸாகப் போய் எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் மீன் ஆலையில் முள் எடுக்கிறவள் போய்ச் சுகம் விசாரிப்பதா. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நம் வீட்டின் அகலம் உனக்குத் தெரியும், நான் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த அறையிலிருந்து அப்பா அதைத் திருத்திச் சொல்வார். அதனால் அவர் எஞ்சின் பட்டறைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் நீயே சரி செய்துகொள், உன்னைப் படிக்க வைத்தது பின்னே எதற்கு.

குடல் ஆபரேஷன் முடிந்து, மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு அப்பா வீட்டுக்கு வந்தபின் நீ அனுப்பிய உதவிகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, ரொம்ப நன்றி. மூச்சை இழு, விடு என்று ஒரு பெண் மெதுவாகச் சொல்கிற அந்த போன் ஆப்பை அவர் ஒருநாள் முழுதாகக் கேட்டார், கேட்டுவிட்டு இந்தப் பொண்ணுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது, டாக்டரைப் பார்க்கச் சொல்லு என்றார். தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் நினைக்கச் சொன்னாயே, அதையும் செய்தார், காபி, இன்னொரு காபி, நான் வேலைக்குப் போயிருக்கிற நேரம், அவ்வளவுதான். இதெல்லாம் சிரிக்கத்தான் எழுதுகிறேன், ஆனால் அவர் அப்படிக் கேலி பேசியதே ஆரம்பத்தில் கொஞ்ச நாள்தான், அப்புறம் அதுவும் நின்றுபோனது. நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றேன் இல்லையா, தூங்கவில்லை, சோபாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

காரணம் நீ ஊகித்திருப்பாய், நீச்சல் குளத்துக்குப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிறேன், பனிப்புயல் அடித்தாலும் விடிவதற்கு முன்னால் ஊர் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை உட்கார்ந்து, சிநேகிதன் லூத்விக்கோடும் மற்ற கிழடுகளோடும் ஊர் உலகத்தை எல்லாம் திட்டி முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அதுதான் அவருக்கு மருந்து, கோவில், நாடாளுமன்றம் எல்லாமே. பை நனையாது, தாராளமாகத் தண்ணீரில் இறங்கலாம் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் தொட்டிக்கு முன்னால் குளியலறை இருக்கிறதே. ஐஸ்லாந்தில் பிறந்ததை மறந்து நீ இப்போது கதவு சாத்திக் குளிக்கிற நாகரிகக்காரி ஆகியிருப்பாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன், எல்லா ஆண்களும் ஒரே அறையில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் தண்ணீரில் இறங்க முடியும், காவலுக்கு நிற்கிற கெஸ்தூர் யாரையும் சும்மா விடமாட்டான். அங்கே அந்தப் பையோடு எப்படிப் போய் நிற்பது. அப்பா இதை வாய் விட்டுச் சொல்லவே இல்லை, தொட்டி இப்போ சூடு பத்தலையாம் என்று சொல்லிவிட்டு நம் வீட்டுக் குளியல் தொட்டியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வாளிக்குள் விழுந்த திமிங்கிலம் மாதிரி, ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ திருப்பித் திட்டவில்லை, அதனால் அதையும் அணைத்துவிட்டார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

இதற்கு நடுவில் குளத்தில் நடந்த கூத்தைக் கேள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுவதைப் பற்றித் தொட்டியில் பெரிய சண்டை. அப்பா வேண்டாம் என்கிற கட்சி, லூத்விக் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், மலைப்பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவன், அதனால் வேண்டும் என்கிற கட்சி. பேச்சு முற்றி, பால்மி, உனக்கும் மூளை கிடையாது உங்கப்பனுக்கும் கிடையாது என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டானாம். அதற்கப்புறம் அப்பா வரவே இல்லை. ஆபரேஷன் முடிந்து பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகும் வரவில்லை என்றதும், செத்துப்போன தகப்பனாரை இழுத்ததால் பால்மிக்கு மனசு விட்டுப்போச்சு என்று தொட்டி கூடி முடிவு செய்துவிட்டது. புத்திசாலிகள் இல்லையா. லூத்விக் தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டு தொட்டியை விட்டு எழுந்துபோய், குழந்தைகள் குளத்தில், முழங்கால் அளவு வெதுவெதுப்புத் தண்ணீரில், சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் உதடு நீலமாகிற வரை உட்கார்ந்திருப்பானாம். தொட்டியில் மிச்சம் இருந்தவர்கள் வானிலை பேசினார்களாம், அந்த நிலைமைக்கு வந்துவிட்டது.

போன சனிக்கிழமை லூத்விக் வீட்டுக்கு வந்தான். பனி வண்டியை வாசலில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, மனைவி கொடுத்த ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு ஜாமை மடியில் வைத்துக்கொண்டு, கொலைக்குற்றம் செய்தவன் மாதிரி உட்கார்ந்தான். காற்று வடக்கே திரும்பிவிட்டது என்றான், அப்பா ஆமாம் என்றார். இரண்டு காபி ஆனது. அப்புறம் ஜாம் பாட்டிலைப் பார்த்தபடியே சொன்னான், "உங்கப்பாவ இழுத்தது தப்புதான்டா பால்மி. சுரங்கம் பத்திச் சொன்ன எதையும் மாத்திக்க மாட்டேன். உங்கப்பா பத்திச் சொன்னத மட்டும் திருப்பி வாங்கிக்கறேன்." இந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளை இன்னொருவன் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, முள் எடுக்கிற கத்தி கையில் இருந்திருந்தால் விரலை வெட்டிக்கொண்டிருப்பேன். சோல்வே, அந்த நிமிஷம் அப்பா முகத்தை நான்தான் பார்த்தேன். ஆமாடா, கோபம்தான் என்று ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது, வாழ்நாள் முழுக்கக் குளத்துக்குப் போகாமல் இருக்க மரியாதையான காரணம் கிடைத்துவிடும். சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். அப்புறம் எழுந்து நின்று கம்பளிச் சட்டையைத் தூக்கி, "இதுதான்டா காரணம்" என்றார்.

லூத்விக் பையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி பையைப் பார்த்தான். "இதுக்காகவாடா நான் ரெண்டு மாசமா குழந்தைங்க மூத்திரத்துல உக்காந்திருந்தேன்?" என்றான். அப்பா சிரித்தார். முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன், அவ்வளவு நாளாகியிருந்தது அந்தச் சத்தம் கேட்டு.

சிரித்ததால் உடனே கிளம்பிவிட்டார் என்று நினைக்காதே, அதெல்லாம் நீ நடத்தும் வகுப்பில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துண்டை நீச்சல் பையில் வைத்தார், எடுத்தார், வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். திங்கட்கிழமை விடியுமுன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குளியலறையில் என்ன ஆனது என்று பிறகு லூத்விக் சொன்னான். அப்பா சுவரைப் பார்த்து நின்று அவசரமாகத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடப் பார்த்திருக்கிறார், கெஸ்தூர் பின்னாலிருந்து, "பால்மி, என்ன நீயும் தேய்ச்சுக் குளிக்காம எறங்குற டூரிஸ்ட் ஆயிட்டியா, ஒழுங்கா சோப்பு போடு" என்று அதட்டினானாம். அவ்வளவுதான். பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, உன்னை மாதிரி யாரும் தோளைத் தொட்டு நீங்கள் ரொம்பத் தைரியசாலி என்று சொல்லவில்லை, கடவுளுக்கு நன்றி. வீட்டுக்கு வந்தபோது தலைமுடி உறைந்து கம்பி மாதிரி நின்றது, முட்டை ஆறிப்போகிற வரை லூத்விக் ஒரு அடிமுட்டாள் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், என் முகம் அப்போது யாரும் பார்க்கிற மாதிரி இல்லை.

உன் வேலையைக் குறை சொல்லவில்லை மகளே, மூச்சு விடுவது நல்ல விஷயம்தான், நாங்களும் இங்கே விடுகிறோம். ஆனால் போன தடவை பேசும்போது வாரக் கடைசி முழுக்க யாரோடும் பேசாமல் மன அமைதியாக இருந்தேன் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் நீ கண்ணில் படாவிட்டால், நம்மேல் கோபித்துக்கொண்டாளோ என்று தப்பாக நினைத்தாவது கதவைத் தட்ட ஒரு ஆளைத் தேடிக்கொள், அறிவாளியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

உடம்பும் மனசும் கெடாமல், நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், அதில் பாதியாவது எங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த தடவை கூப்பிடும்போது அந்தப் பஞ்சு வைத்த குரலில் அப்பா இப்போ எப்படி இருக்கீங்க என்று இழுக்காதே, எடுத்ததும் ஏதாவது வம்புக்கு இழு, அவர் பதில் சொல்வார்.

இப்படிக்கு, சம்பளமில்லாமல் புத்தி சொல்லும் உன் அம்மா,
ரக்னா