தையல் மெஷின் வேண்டாம் என்றவளுக்கு

என் கண்ணே மும்மு,

முதலில் சந்தோஷ சேதி. எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்துவிட்டது! எத்தனை தடவை ஃபெயில் என்று கேட்காதே. டெஸ்ட் வைத்த அரபி அம்மா "மப்ரூக்" என்று வாழ்த்தியதும் என் கை, போனில் உன் நம்பரைத்தான் தேடியது. நீ போன பிறகு ஒரு பெருநாளும் வந்து போய்விட்டது. நீ இல்லை என்பது என் கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

லியா மேடம் வீட்டுக்கு உன்னை அழைத்துப்போன வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நான் அங்கே சமையல் வேலை பார்க்கிறேன். மேடம் பம்பாயில் பிறந்த யூதப் பெண். அவரும் பல நாட்டு யூதத் தோழிகளும் சேர்ந்து, பெண்களே நடத்தும் சங்கங்களுக்குக் கைகொடுக்கிறார்கள். வளைகுடாவில் இந்த முவைலாவுக்கு வேலைக்கு வந்த நம் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தியவள் நீ. தையல் மெஷின் கேட்கலாம் என்றுதான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

இந்தியில் பேசிக்கொண்டே வந்த மேடம், நடுவில் "ஸெதாக்கா" என்றார். உன் காதில் அது சதக்கா, தர்மக்காசு என்று விழுந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாய்.

"வாக்கா, போவோம். நான் சதக்கா கொடுக்கிறவ, வாங்குறவ இல்ல."

என் வேலை போச்சு என்றே நினைத்தேன். மேடமோ சிரித்தார்.

"உட்காரு பெஹன். எங்க பாஷையில அதுக்கு நியாயம்னு அர்த்தம். இரக்கப்பட்டுத் தர்றது இல்ல, தந்தே ஆகணும். எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்படின்னா டிரைவிங் கத்துக்க வைங்க. பொம்பளைன்னா எல்லாரும் மெஷினத்தான் நீட்டுறாங்க. ஒருத்திக்கு உடம்பு முடியலன்னா, எந்த பாய் வண்டி கொண்டாருவாருன்னு நாங்க வாசல்லயே நிக்கிறோம்" என்றாய் நீ.

வெள்ளி அந்தியில் தங்கள் வழக்கப்படி விளக்கேற்றுவதற்கு முன்னால் மேடம் ஒரு தகர டப்பாவில் காசு போட்டார். நீயும் பர்ஸைத் திறந்தாய். "நியாயம்னா நாங்களும் போடணும்ல?" மேடம் உன்னைக் கட்டிக்கொண்டார். இப்போது நம் சங்கத்திலும் ஒரு டப்பா இருக்கிறது, மும்மு. சலாலாவில் புதிதாகக் கூடியிருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்காக. நாமும் கொடுக்கிறவர்கள் ஆகிவிட்டோம், பார்!

டிரைவிங் வகுப்பில் சேர்ந்த வாரமே அந்த நெஞ்சுவலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதோடு எல்லாருக்கும் கை தளர்ந்துபோனது. "மெஷினே கேட்டுக்குவோம் அக்கா" என்றார்கள். மேடம் வழக்கம்போல "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றுவிட்டார். உன் ஆசை அன்றோடு போயிருக்கும். எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ! "நான் பாஸ் பண்ணிக் காட்டுறேன், அப்புறம் பேசுங்கடி" என்றேன். ரவுண்டானாவைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் பேசின பேச்சா இது? ஓட்டக் கற்றுக்கொடுத்த மலையாளத்துச் சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணத் திற செல்வி! யல்லா, வண்டிய எடு!"

நேற்று சங்கத்தில் லைசென்ஸைக் காட்டினேன். கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். "போட்டோல அக்கா முறைக்கிறத பாரு" என்று ஒரே சிரிப்பு. அப்புறம் ஒருத்தி மெதுவாக, "அடுத்த வகுப்பு எப்ப அக்கா?" என்றாள். மெஷின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மேடம் தன் பழைய காரைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். நாளைக்கு முதல் சவாரி. மாசமாக இருக்கும் நம் பரிமளாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். இனி நம் பெண்களில் ஒருத்தியும் யாருக்காகவும் வாசலில் காத்து நிற்க மாட்டாள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பரிமளாவைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டேன். முன் சீட்டு உனக்கு. ரவுண்டானா வரும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாயா, இல்லை "யல்லா அக்கா" என்று என்னை விரட்டுவாயா?

உன்னோடு பிறக்காத அக்கா,
செல்வி