முருங்கை உள்ளே, மல்லிகை வெளியே

கன்னிவாடி
6.10.2025

மகன் அமலனுக்கு அப்பா சூசை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எழுத்து பக்கத்து வீட்டு டெய்சியுடையது, வார்த்தை என்னுடையது. சூட்டைக் குறைத்து எழுதினால் வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம் வந்து தோட்டத்தை டேப் பிடித்து அளந்தாய். உன் அம்மா காலத்திலிருந்து நம் மல்லிகையைப் பறிக்கிற செபாஸ்தியம்மாள் பக்கத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ போன பிறகு, "ஏண்ணே, தம்பி எனக்கு ஓட்டப்பந்தயமா வைக்குது?" என்று கேட்டாள். நேற்று போனில் மல்லிகையைப் பிடுங்கு என்கிறாய். ஏன் என்றால் சிம்ப்ளெக்ஸ் என்கிறாய். அது என்ன என்றால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய்.

ஆறாம் வகுப்பில் ஆட்டை எண்ணச் சொன்னால் நிழலையும் சேர்த்து எண்ணினவன் நீ. இப்போது சென்னையில் கணக்கு வாத்தியார். எனக்கு விளங்குகிற மாதிரி காகிதத்தில் எழுது. அதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

அன்புள்ள அப்பா,
சூசை


சென்னை
15.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கோபப்படாமல் கேளுங்கள்.

நிலம், தண்ணீர், ஆள் உழைப்பு இந்த மூன்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுகளை வேலியாகப் போட்டால், லாபம் அதிகமாகிற இடம் வேலியின் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும். அதனால் மூலை மூலையாக நகர்ந்து பார்க்கிறோம். இதற்குப் பெயர்தான் சிம்ப்ளெக்ஸ். லாபம் கூடினால் அடுத்த மூலை, கூடாவிட்டால் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் ஒன்று உள்ளே வரும், ஒன்று வெளியே போகும். நம் தோட்டத்தில் முருங்கை உள்ளே வந்தது, மல்லிகை வெளியே போனது. மல்லிகை பூஜ்யம்.

முருங்கைக்கு வேலை குறைவு. உங்கள் உழைப்பு தேவைக்கு மேல் மிஞ்சுகிறது. அதன் நிழல் விலை பூஜ்யம். அதாவது நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் உழைத்தாலும் லாபம் கூடாது. கணக்கில் உங்கள் உழைப்புக்கென்று எழுதிய அந்த வரியையே அடித்துவிட்டாலும் விடை மாறாது. ஓய்வெடுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

டிசம்பரில் என் மாணவர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் மாற்றிவிட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். மனதுக்குப் பிடித்ததையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது அப்பா.

உங்கள் அன்பு மகன்,
அமலன்


கன்னிவாடி
3.11.2025

அமலனுக்கு,

உன் கடிதத்தை டெய்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கணக்கில் நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது.

சொன்னபடியே செய்துவிட்டேன். பூச்செடி பூராவும் பிடுங்கி, முருங்கை நட்டாச்சு. செபாஸ்தியம்மாள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகும்போது, "அக்கா கல்லறைக்காவது ஒரு செடி விடக் கூடாதாண்ணே?" என்றாள். வாத்தியார் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். நீ வரவில்லை. வருஷா வருஷம் அந்தத் தோட்டத்துப் பூவைத்தான் உன் அம்மாவுக்கு வைப்போம். அவள் செத்த அன்றும் நீ பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், பெட்டி மேல் அந்தப் பூவைத்தான் போட்டு மூடினோம். அது உன் வேலியில் எந்த மூலை?

இந்த வருஷம் வரப்போரத்துப் பழைய மரத்தில் முருங்கைக்காய் ஒடித்து, ஒரு கட்டாகக் கட்டி, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரே நின்று பார்த்தது. "என்ன பெரியப்பு, சாம்பாருக்கு வாங்குனத மறந்து வச்சிட்டீகளா?" என்று பிரிட்டோ கேட்டான். "இல்லலே, எம் மகன் காலேசு வாத்தியாருல்ல, அவன் போட்ட கணக்கு இது" என்றேன். எல்லோரும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். உனக்குப் பெருமை வேண்டும் என்று எழுதியிருந்தாயே.

டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டி வா. தோட்டத்துக் கதவு திறந்திருக்கும். தோட்டத்தைக் காட்டு, அப்படியே கல்லறையையும் காட்டு. வீட்டுப் பக்கம் வராதே. என் வரியை அடித்துவிட்டாலும் விடை மாறாதாமே. அடித்துக்கொள்.

கடைசியில் டெய்சி வழக்கம்போல "அன்புள்ள அப்பா" என்று எழுதப் போனாள். வேண்டாம் என்றேன்.

சூசை